நாலாவது நிலா

“அப்பா, பால் பாத்திரத்தை எடுங்க! அடியில அம்மா வரைஞ்ச படம்!”

மகள் கத்துவதற்குள் காரியம் முடிந்திருந்தது. ஈரம் காயாத நீல வானத்தில் வட்டமாக ஒரு கறை.

“சாப்பாட்டு மேசையில படத்தைப் பரப்பி வெச்சா, பாத்திரத்தை நான் தலையிலயா வெச்சுக்கிறது?” என்றார் அப்பா.

அம்மா தூரிகையை வெள்ளையில் தொட்டாள். “விடுடி. இதை நிலாவாக்கிடறேன்.”

“இது மூணாவது நிலாம்மா! ஒரே கதையில, பட்டப்பகல்ல எல்லாம் நிலா! பதிப்பகத்துல எதுவும் சொல்லமாட்டாங்களா?”

“சொல்லியாச்சு. இனிமே இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு எழுதியிருக்காங்க.”

அதையும் அம்மா வரைந்துகொண்டேதான் சொன்னாள். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் கொட்டகைக்குப் போனாள்.

இப்போது அதில் வைக்கோல் இல்லை. கூரை ஓடுகளை மாற்றி, மண்தரைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார் தச்சர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான அப்பா உட்கார்ந்து புத்தகம் எழுதப் போகும் அறை.

“அம்மாவுக்கு மேசையில ஒரு ஓரம். உங்களுக்குக் கொட்டகை முழுசா. இது என்னப்பா நியாயம்?”

“புத்தகம் எழுதறதுன்னா அமைதி வேணும்.”

“எத்தனை பக்கம் ஆச்சு?”

“தலைப்பு வெச்சாச்சு.”

வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டிருந்த தச்சருக்குச் சிரிப்பு பொறுக்கவில்லை. ஆணி கீழே விழுந்தது.

“ஆறு வருஷத்துல ஒரு தலைப்பு! அதே ஆறு வருஷத்துல அம்மா பதினொரு புத்தகத்துக்குப் படம் போட்டாச்சு. அதுவும் எப்படி? மூணு வேளையும் எல்லாத்தையும் வாரி ஜன்னல்ல வெச்சு, தட்டு போட்டு, தட்டை எடுத்து, மேசையைத் துடைச்சு, மறுபடி பரப்பி! ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குச் சமத்துவம்னு பாடம் எடுத்தீங்களே, வீட்டுக்கு மட்டும் லீவா?”

“வாயைக் குறை.”

“முடியாது.”

சண்டை மூன்று நாள் ஓடியது. மகள் மேசையில் சாப்பிட மறுத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கவளத்துக்கும் அப்பாவை ஒரு முறை முறைத்தாள்.

நாலாம் நாள் காலையில் அப்பா, தலைப்பு மட்டும் இருந்த நோட்டைக் கொட்டகையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“கொட்டகையை உங்கம்மாவே வெச்சுக்கட்டும்.”

அதற்குப் பிறகு மகள் தச்சரை விடவில்லை. வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வரும்படி வடக்கில் பெரிய ஜன்னல். நாலு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பும் அளவுக்கு மேசை. முதுகு வலிக்காத மெத்தை நாற்காலி.

“கடைசியா ஒண்ணு அண்ணே. கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளா ஒண்ணு போடுங்க.”

“கொட்டகைக்கு எதுக்கு பாப்பா தாழ்ப்பாள்? இங்க யாரு வரப்போறா?”

“இந்த வீட்டு ஆளுங்களை உங்களுக்குத் தெரியாது” என்றாள், அப்பாவின் காதில் விழுகிற மாதிரி.

முதல் நாள். அம்மா நாலு படங்களை விரித்தாள். மதியம் ஆகியும் எதையும் எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. அது பழக்கமில்லாமல், இரண்டு தடவை எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அப்பா ஒரு தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்து வந்தார். கதவுக்கு முன்னால் நின்றார். தட்டக் கையைத் தூக்கியவர், இறக்கிக்கொண்டார். தட்டை மூடிப் படியில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அரை மணி நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. மகள். கக்கத்தில் லேப்டாப், கையில் காபிக் கோப்பை.

“அப்பாவைப் பாத்தியா? கதவைக்கூடத் தட்டல! எல்லாம் நான் போட்ட சண்டை.” சொல்லிக்கொண்டே மேசையில் லேப்டாப்பை விரித்தாள். “வீட்டுல ஒரே புழுக்கம்மா. என் ஆய்வுக் கட்டுரையை இங்கேயே உக்காந்து முடிச்சுடறேன். நீ பாட்டுக்கு வரை, நான் தொந்தரவே பண்ணமாட்டேன். இந்தப் படத்தை மட்டும் கொஞ்சம் நகத்திக்கோ.”

அம்மா நகர்த்தினாள்.

“கட்டுரையில இந்தக் கொட்டகையைத்தான் உதாரணமாச் சொல்லப்போறேன். பொம்பளைங்க வேலைன்னா யாருக்கும் ஒரு மதிப்பே இல்லம்மா. கண்ணெதிரே இருந்தாலும் தெரியறதில்ல.” ஆவேசத்தில் இரண்டு கையும் வேண்டியிருந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

அம்மா அதைத் தூக்கினாள். மஞ்சள் வயலுக்கு நடுவே வட்டமாக ஒரு கறை.

மகள் எட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானே? நிலாவாக்கிடும்மா.”

அம்மா தூரிகையைக் கீழே வைத்தாள். லேப்டாப்பை மூடினாள். அதன் மேல் கோப்பையை வைத்து, மகளின் இரண்டு கையிலும் கொடுத்தாள். தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

தச்சர் எவ்வளவு நல்ல தாழ்ப்பாள் போட்டிருக்கிறார் என்பது, கதவுக்கு வெளியே நின்றபோதுதான் மகளுக்குத் தெரிந்தது.