கட்டிலோரத்துப் பேசின்

தீவிர சிகிச்சைப் பிரிவில் காலை வெயில் கை கழுவும் பேசினில் விழுந்து கிடக்கிறது. குழாய்த் தண்ணீர் அதன் கழிவுத் துவாரத்தில் மோதித் தெறித்து, பக்கத்துக் கட்டிலின் விரிப்பை நனைக்கிறது. ஒரே மாதத்தில் அந்தக் கட்டிலில் மூன்று பேர் காய்ச்சல் கண்டு இறந்திருக்கிறார்கள்; கடைசியாக, அரியாலையிலிருந்து வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி. துவாரத்தில் பஞ்சால் ஒற்றியெடுத்துச் சோதனைக்குக் கொடுத்தவள் தாதி குணலட்சுமி. சோதித்தவன் ஆய்வுகூடத்து அடைக்கலநாதன். "செத்தவையின்ரை இரத்தத்திலை இருந்த கிருமிதான், மிஸி, உதுக்குள்ளையும் இருக்கு. டொக்டரிட்டை நான் சொல்லுறன்" என்று நேற்று அவளுக்குச் சொன்னவனும் அவன்தான். இப்போது கட்டிலருகே வந்து நிற்கும் பெரிய டொக்டர் அவனைப் பார்க்கிறார். "நான் போடுவிச்ச பேசினிலையோ பிழை?" அடைக்கலநாதன் கையிலுள்ள தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிறான். "இல்லை சேர். மிஸிமாற்றை கையாலைதான் தொத்தியிருக்கும்." டொக்டர் குணலட்சுமியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போகிறார். அடைக்கலநாதனும் புறப்படுகிறான். போகுமுன் கை கழுவ வேண்டும். பேசினைத் தொடாமல் சுற்றி வந்து, அவள் கொதிக்கவைத்து ஆறவைத்திருக்கும் தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டுகிறான். "ஏன் தம்பி," அவள் குரல் மெல்ல வருகிறது, "பேசினிலை பிழையில்லையெண்டெல்லே சொன்னனீர்?" நீட்டிய கைகள் அப்படியே நிற்கின்றன.