கேடயத்தில் ஒரு வெள்ளைக் கோடு

லிவர்பூலில் கப்பல் முதலாளி திரெல்ஃபாலின் கூடமெங்கும் பெயிண்ட் வாசனை. அவருக்கு, பரம்பரைக்கும் செல்லும் 'சர்' பட்டம் வந்திருக்கிறது. சுவரில் குடும்பக் கேடயத்துக்குள் அவருடைய கப்பலை ஓவியன் ஹிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறான். "என்னப்பா, இதுக்கு மேல கப்பல் முங்கக் கூடாதுன்னு போடற பார எல்லைக்கோட்டக் காணோம்?" என்கிறார் முதலாளி. "காலைல துறையில பாத்துத்தான் வரைஞ்சேன், ஐயா. அவ்வளவு பாரம். கோடு தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்துச்சு." "பாக்கறவன் என்ன நெனப்பான்? தண்ணிக்கு மேல போடு," என்று அவர் சிரிக்கிறார். ஹிக்ஸ் வெள்ளைக் கோட்டை இழுக்கிறான். ஜன்னலுக்கு வெளியே அதே கப்பல் மூடுபனிக்குள் கனத்து நகர்கிறது. மேல்தளத்தில் நின்று, பட்டத்தின் வாரிசான ஒரே மகன் தொப்பியை ஆட்டுகிறான். கையசைக்கத் தூக்கிய கையை கூடத்தில் நிற்கும் அவன் தாய் ஹாரியட் ஜன்னல் கண்ணாடியில் ஊன்றுகிறாள். "கோட்ட இங்க ஏத்திட்டீங்க," என்கிறாள் கணவரைத் திரும்பிப் பாராமல். "அங்க?"