சீஃப் கேட்ட கேள்விகள்

நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே இதய வால்வை மாற்றும் பயிற்சியில் அவளுக்கு அது கடைசி வாரம். துறைத் தலைவரான சீஃபிடம் திட்டு வாங்காமல் அவள் ஒரு கேஸ்கூட முடித்ததில்லை. இன்றும் தப்பவில்லை.

"மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

"வால்வு சைஸ் சரி பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன் சார்."

"குழாய்க்குள்ள வயரை எப்படித் தள்ளணும்?"

"அவசரப்படாம. எங்கயாவது இடிச்சா நிறுத்திடணும்."

"கண்ணு எங்க இருக்கணும்?"

"திரையில சார். கையில இல்ல."

"அதையாவது மண்டையில ஏத்திக்கிட்டியே. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளைக் கூப்பிடலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "நானே பண்றேன் சார்."

நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

"அப்ப ஆரம்பி. அந்தத் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பு. நீ பண்ற லட்சணம் எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவள் திரையை இன்னும் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.

"மாட்டேன் சார். பேஷண்ட் திரையைப் பார்த்தா பிரஷர் ஏறும்னு நீங்கதானே எங்களைத் திட்டுவீங்க?"

தொடை மரத்துப்போகப் போட்ட ஊசியோடு மேஜையில் மல்லாந்து கிடந்த சீஃப், கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பெரிய டாக்டரா பாருங்கன்னு வீட்டுல ஒரே சண்டை. நீ பண்ணாத்தான் படுப்பேன்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன்."

"தெரியும் சார். இப்ப ரெண்டு காலையும் ஆட்டாம படுங்க."