கதைக்கு ஒரு வக்கீல்

"போன வாரம் மந்திரவாதி குதிரைக்க ரெண்டு செறகையும் வெட்டிப் போட்டான். இண்ணைக்கு அது எப்படி பறக்குது?"

லீலாபாய் கேட்டுவிட்டாள். லேஸ் அறையில் அத்தனை கைகளும் நின்றன.

வாசித்துக்கொண்டிருந்த ஆனந்தபாய் வார இதழிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ராஜபாய்தான் முந்திக்கொண்டாள்.

"வெட்டினா முளைக்காதா? பல்லிக்கு வாலு முளைக்கல்லியா?" என்றாள் ராஜபாய்.

"பல்லியும் குதிரையும் ஒண்ணா மைனி?"

"பறக்குத குதிரைய நீ கண்டிருக்கியா? காணாத குதிரைக்கு என்ன நியாயம் பேசுத?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனந்தபாய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பாறசாலைப் பக்கம் ஒரு மிஷன் வளாகம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து லேஸ் பின்னுவார்கள். ஒருத்தி மட்டும் வாசிப்பாள். தினமும் வேதபாகம், வெள்ளிக்கிழமையானால் தெற்கேயிருந்து பஸ்ஸில் வரும் வார இதழின் மாயாஜாலத் தொடர்கதை. வாசிக்கிறவளின் பங்கு லேஸை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பெண்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்துத் தெரிந்தவள் என்று ஆனந்தபாயைத்தான் வாசிக்க உட்கார்த்தியிருந்தார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ராஜபாய்க்கும் எழுத்துத் தெரியும். அதுதான் வினை.

முன்பொரு வெள்ளிக்கிழமை இதழை எட்டிப் பார்த்தாள். திறந்திருந்த பக்கத்தில் பல்பொடி விளம்பரம். அதைப் பார்த்துக்கொண்டே ஆனந்தபாய் ஒரு இளவரசியைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

லேஸ் பின்னிப் பின்னியே ஆனந்தபாயின் கண் போய்விட்டது. வேதபாகம் மனப்பாடம், கதை சொந்தச் சரக்கு. விஷயம் வெளியே தெரிந்தால், மேற்பார்வைக்கு இருக்கும் ஓமனா கொச்சம்மா அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தங்கச்சி வீட்டு அடுக்களை மூலையில் போய்க் கிடக்க வேண்டியதுதான்.

அன்று முதல் ராஜபாய் கதைக்கு வக்கீலானாள். அட்டைப்படத்தை யாரும் பார்த்துவிடாதபடி இதழுக்குப் பழுப்புக் காகிதத்தில் ஒரு உறையும் போட்டுக் கொடுத்தாள்.

தமிழ்த் தாலுக்காக்களை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டுமென்று ஊரெல்லாம் கொடியும் கோஷமுமாக இருந்த வருஷம் அது. அதில்கூட இத்தனை தர்க்கம் நடந்திருக்காது.

லீலா சிறகைக் கேட்டதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, குதிரைக்குப் பல்லி வால் போலச் சிறகு துளிர்த்த வைபவம் விஸ்தாரமாகவே வந்தது. ராஜபாய்க்கு உள்ளூரப் பெருமை.

லீலா விடுவாளா?

"மந்திரவாதிக்கு ஒத்தக் கண்ணாக்கும். இப்ப ரெண்டு கண்ணும் செவந்துதுண்ணு வாசிக்கிய?"

"ஒண்ணு பளிங்குக் கண்ணு," என்றாள் ராஜபாய். "மந்திரவாதிக்க பளிங்குக்கும் கோவம் வரும்."

அதற்கடுத்த வாரம் மந்திரவாதியின் உயிரே அந்தப் பளிங்குக் கண்ணுக்குள் இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை ஓமனா கொச்சம்மா வந்து வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள். கதை கேட்கிறாளாம்.

"ராஜாவின் சபையில் இளவரசன் வாளை உருவினான்," என்றாள் ஆனந்தபாய். நிறுத்தினாள். "உருவினான்," என்றாள் மறுபடியும். அதற்கு மேல் வரவில்லை.

கொச்சம்மாவின் புருவம் உயர்ந்தது. "எந்தா, எழுத்து மாஞ்சு போச்சா?" என்று ஓரடி உள்ளே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்தா லீலா வாயைத் திறக்க வேண்டும்?

"ஒரு சம்சயம். செத்துப் போன ராஜா சபையில எப்படி இருக்காரு?"

ராஜபாய்க்கு அவளைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் வக்கீல் வேலையை விட முடியுமா?

"செத்தது அண்ணன் ராஜா. இது தம்பி. இரட்டைப் பிள்ளையள்."

"அப்ப ராணி யாருக்க பெண்டாட்டி?"

அவ்வளவுதான். அறை இரண்டு கட்சியானது. ஆளாளுக்கு ராணியைக் கட்டிவைத்தார்கள், பிரித்துவைத்தார்கள்.

"மதி, மதி. வாயி போதும், கை ஓடட்டு," என்று காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள் கொச்சம்மா.

சத்தம் அடங்கியதும் ஆனந்தபாய் தொண்டையைச் செருமினாள். "அப்போது இரட்டையரில் இளையவன் எழுந்தான்," என்று தொடங்கியவள் நிற்கவேயில்லை.

சாயங்காலம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து வழியில் லீலாவை மறித்தாள் ராஜபாய்.

"எட்டி, நில்லு. உனக்க வாயால ஒரு பாவப்பட்டவளுக்க கஞ்சி போவும். ஆனந்தபாய் அக்காளுக்கு கண்ணு தெரியாது. கதை முழுக்க அவளுக்க தலையில உள்ளதாக்கும். யாருட்டயும் சொல்லிராத."

"தெரியும் மைனி," என்றாள் லீலா.

"தெரியுமா?"

"அறையில எல்லாருக்கும் தெரியும். கலவரத்துல தெக்கேயுள்ள பஸ்ஸு நின்னு எத்தன நாளாச்சு? புஸ்தகம் பின்ன காத்துலயா வருது? கதையில உள்ள ஓட்டையெல்லாம் அடச்சிய, இத மட்டும் நீங்க காணல்ல."

ராஜபாய் அசடு வழிந்தாள். கூடவே கோபமும் வந்தது.

"தெரிஞ்சுட்டுதானா அவள இந்தப் பாடு படுத்துன?"

"அக்காளுக்கு கதை ஓடாம முட்டி நிக்கும்பதான் நான் கேக்குதேன் மைனி. நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்லுவிய. அதப் பிடிச்சாக்கும் அவ அடுத்த வாரத்த ஓட்டுதது."