கஞ்சிக்கு முன் கத்தி

பூந்தமல்லிச் சத்திரத்து வேப்பமரத்தடியில் பூங்காவனம் சவரக்கத்தியை உள்ளங்கையில் தீட்டுகிறாள். போக்கிடமில்லாமல் வருகிறவர்கள் தலையை மழித்துக்கொண்டால்தான் இங்கே கஞ்சியும் படுக்க இடமும். பேன் பரவக் கூடாதாம். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு. மலடி என்று ஊரே ஒதுக்கிய அவள் முன்னால் இப்போது எல்லாத் தலையும் குனிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் வடிவு மட்டும் குனியாமல், கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறாள். பக்கத்து மண்ணில் அவள் குழந்தை. “வேணாங்க்கா. என் ஊட்டுக்காரரு ரங்கூன்ல உசுரோட கீறாரு. தாலியறுத்தவ மாரி மொட்ட அடிக்காத.” பூங்காவனம் சிரிக்கிறாள். “சண்டையில குண்டு போட்டானே, அந்த ரங்கூனா? அப்போ இன்னா, குனி.” அடுப்படியிலிருந்து கஞ்சி வாசம் வருகிறது. குழந்தை அந்தப் பக்கம் திரும்பி உதட்டைச் சப்புகிறது. வடிவின் கைகள் தாமாக இறங்குகின்றன. நனைந்த மயிர் கொத்துக்கொத்தாக அவள் மடியில் விழுகிறது. பூங்காவனம் தாலாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி மழிக்கிறாள். ஓரிடத்திலும் கீறல் இல்லை, அவ்வளவு பக்குவம். வெயிலே அறியாத வெளிறிய மண்டையில் இலைநிழல் ஆடுகிறது. வடிவு நிமிர்ந்து குழந்தையிடம் கை நீட்டுகிறாள். அது அவளைப் பார்த்து வீறிட்டு அலறுகிறது. தவழ்ந்துபோய், தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருக்கும் பூங்காவனத்தின் மடியில் முகம் புதைக்கிறது. “உங்கம்மாகிட்ட போ, கண்ணு” என்கிறாள் பூங்காவனம். அவள் கைகளோ அதை இன்னும் இறுக்கிக்கொள்கின்றன.