டர்போ பட்டன்

"அப்பா, மறுக்காவும் நீங்கதானுங்களா பட்டனை எடுத்துவுட்டது?"

அன்புக்கரசி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் சிவப்பாக 33 என்று எரிந்தது. 66 எரிய வேண்டிய இடம்!

ப்ளஸ் டூ முடித்த கையோடு அடம்பிடித்து, ஆர்.எஸ்.புரம் கடையில் உள்ளே இருந்த போர்டையே மாற்றி வாங்கின ஸ்பீடு அது. பழையதைப் போல் இரண்டு மடங்கு. விண்டோஸ் வருவதற்குள் காபி போட்டுக் குடித்துவிட்டு வர வேண்டியதில்லை. கூடப் படித்த பூஜிதா வீட்டில் இருப்பதே நாற்பதுதான்!

ஆனால் மத்தியானம் கம்ப்யூட்டர் கிளாஸ் முடிந்து வந்து பார்த்தால் தினமும் டர்போ பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அமுக்கியிருந்தால் வேகம். எடுத்துவிட்டால் பழைய ஆமை.

"சூடாகுது கண்ணு. கரண்டும் இழுக்குது" என்றார் நஞ்சப்பன். மதுக்கரை சிமெண்ட் ஃபேக்டரியில் அவருக்கு நைட் ஷிஃப்ட். பகலில் வீட்டில்தான்.

"ஏனுங்கப்பா, புல்லட் வாங்கிப்போட்டு அதைத் தள்ளிட்டே போவீங்களா?"

"பெட்டி ரொம்ப நாளைக்கு வரோணுமில்ல அம்மணி."

கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

மறுநாள் கிளாசுக்குக் கிளம்பும்போது பட்டனை அமுக்கி, சுற்றிலும் ஃபெவிக்விக் விட்டாள். நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. 66! விசிலடித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தாள்.

திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் எதிர்வீட்டுத் திருமலைசாமி மாமா உட்கார்ந்திருந்தார். போன தீபாவளிக்கு வாதம் வந்து வலது கை விழுந்துபோனவர். அவருடைய லேத் பட்டறை அன்றைக்குப் பூட்டினதுதான்.

அன்புக்கரசி கதவோரமே நின்றுவிட்டாள்.

திரையில் பந்தடித்துச் செங்கல் உடைக்கிற விளையாட்டு. பந்து விர்ரென்று வந்தது. மாமாவின் வலது கை விரல் நகர்ந்து அம்புக்குறியைத் தொடுவதற்குள் விழுந்தே விட்டது.

"ரெண்டு, நஞ்சப்பா." மாமாவின் குரல் உடைந்தது. "நேத்து நூத்திப்பத்து அடிச்சேன். இன்னைக்கு எத்தனை தடவை ஆடினாலும் ரெண்டு, மூணு. என்ற கை மறுக்காவும் போயிருச்சு. திங்கக்கிழமை பட்டறை தொறக்கறதெல்லாம் வேண்டாம். மச்சாங்கிட்டச் சொல்லி மெஷினை வித்துப்போடறேன்."

மாமாவுக்குத் தெரியாமல் அப்பாவின் கட்டைவிரல் டர்போ பட்டனை நெம்பு நெம்பென்று நெம்பிக்கொண்டிருந்தது. நகக்கண்ணில் ரத்தம்.

அன்புக்கரசி மேஜை டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"கைக்கு ஒண்ணுமில்லீங்க மாமா. இந்தப் பெட்டிதான் காத்தாலயே ரிப்பேர். எனக்கும் ரெண்டுதானுங்க வந்துச்சு."

ஒரே நெம்பு. பட்டன் உடைந்து எங்கேயோ தெறித்தது. நெற்றியில் 33 எரிந்தது.

"இப்ப ஆடுங்க. இதுதானுங்க மாமா கரெக்டான ஸ்பீடு!"