காதைச் சொறிந்தால் வெத்துச் சீட்டு

டங்... டங்... டங்.

சீட்டுகளை விரித்துப் பிடித்திருந்த மூன்று பேரும் அப்படியே உறைந்தார்கள். அவர்கள் சாய்ந்திருந்த சுவரோரம் ஓடிய சிவப்புக் காற்றுக் குழாயில் மறுபடியும் மூன்று தட்டு.

"கேட்டுச்சா? கிட்ட வந்துட்டாங்க," என்றார் டிரைவர். கையிலிருந்த சீட்டின் முனையால் காதைச் சொறிந்துகொண்டார். "தண்ணியைக் குடிங்கப்பா. இனிமே யாருக்கு மிச்சம் வைக்கிறீங்க?"

எலக்ட்ரீஷியன் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தான். போர்மேனும் குடித்தார். எலக்ட்ரீஷியன் முகத்தில் சிரிப்பு.

சுரங்கப் பாதையின் கூரை சரிந்தபோது டிரைவரின் டிப்பர் லாரி பாறைக்கு அடியில் போய்விட்டது. மற்ற இருவரும் டிரைவரை மட்டும் இழுத்து எடுத்தார்கள். அவர்மேல் போர்த்திய தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கால் எப்படி இருக்கிறது என்று அதன் பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. அவரோடு தப்பியது லாரியின் டூல்ஸ் பெட்டியும், அதற்குள் அவர் வைத்திருந்த சீட்டுக்கட்டும்தான்.

"போக்கர் ஆடலாம்," என்று ஆரம்பித்து வைத்தவரும் டிரைவர்தான். பெட்டியிலிருந்த நட்டுகள்தான் பந்தயம். எவ்வளவு தோற்றாலும் ஒரு நட்டை மட்டும் இடது கைக்குள் பொத்திக்கொள்வார்.

"அதையும் வைங்க மச்சான்," என்பான் எலக்ட்ரீஷியன். டிரைவர் அவனுடைய அக்கா புருஷன்.

"முதலை அழிக்கக் கூடாது மாப்ளே. நீ வியாபாரம் பண்ணினா உருப்பட மாட்டே."

டிரைவருக்குப் பொய் சொல்ல வராது. வெத்துச் சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றினால் உடனே காதைச் சொறிவார். கேம்ப்பில் அவரிடம் தோற்றவர்கள் யாருமில்லை. எலக்ட்ரீஷியனுக்கு வேறு வியாதி. பொய் சொல்லும்போது அவன் வாய் ஓயாது. போர்மேன் முகத்தில் மட்டும் எதையும் படிக்க முடியாது. நாலு ஆஸ் வந்தாலும் பல்வலி வந்தாலும் அவருக்கு ஒரே முகம்.

அந்தப் போர்மேனைத்தான் எலக்ட்ரீஷியன் இப்போது கவனித்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் சீட்டு. இன்னொரு கை எப்போதும் போல முதுகுக்குப் பின்னால், குழாய்ப் பக்கம்.

பாறை இடுக்கில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கப் போனபோதுதான் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்தான். காற்றுக் குழாய் பாறைக்கு அடியில் துண்டாகிக் கிடந்தது. வெளியிலிருந்து எவன் தட்டினாலும் இங்கே கேட்காது.

தட்டுகிற ஆள் இந்த ஆட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எல்லோர் கண்ணும் சீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தட்டுகிறார்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. மச்சான் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அந்தச் சத்தம்தான் என்று நினைத்தான். ஏன், முதலில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தண்ணீர்கூட வேண்டாம் என்று கிடந்தவன் அவனேதான். முதல் தட்டு கேட்ட பிறகுதான் தலையைத் தூக்கினான்.

ஆகவே ஒவ்வொரு முறை குழாய் ஒலிக்கும்போதும் கண்ணை அகல விரித்தான். வாயைத் திறந்தால் வளவளவென்று கொட்டி மாட்டிக்கொள்வோம் என்று, "ஆமா, வர்றாங்க," என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

"உங்க அக்கா சும்மா இருப்பான்னு நெனைக்கிறியா?" என்றார் டிரைவர். "வெளியில எல்லாரையும் பிடிச்சுத் திட்டிக்கிட்டு இருப்பா. அவ வாய்க்குப் பயந்தே வேகமாத் தோண்டுவாங்க. சரி, நான் ஏழு நட்டு ஏத்துறேன்."

எலக்ட்ரீஷியன் யோசிக்கவில்லை. சற்று முன்தான் காதைச் சொறிந்தார். நிச்சயம் வெத்துச் சீட்டு. தன்னிடமிருந்த நட்டுகளை எல்லாம் முன்னால் தள்ளினான்.

டிரைவர் சீட்டுகளை விரித்துக் காட்டினார். மூன்று ராஜா.

"காதைச் சொறிஞ்சீங்களே மச்சான்?"

"அரிச்சுது. சொறிஞ்சேன்."

போர்மேன்கூடச் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு டிரைவருக்குக் காய்ச்சல் ஏறியது. ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. குழாயும் விடவில்லை. என்ன, தட்டு மூன்றிலிருந்து இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. போர்மேனுக்கும் தெம்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான் எலக்ட்ரீஷியன்.

தலைவிளக்கின் வெளிச்சம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. போர்மேன் புதிதாகச் சீட்டுப் போட்டார்.

"மச்சான், உங்க ஆட்டம்."

டிரைவரின் கையிலிருந்து சீட்டுகள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்ற கேள்விகூட எழவில்லை. சொல்லப் போவது யார்? குழாயில் சத்தமே இல்லை.

"விடுங்கண்ணே," என்றான் போர்மேனிடம். "இனிமே தட்ட வேணாம். யாருக்காகத் தட்டினீங்களோ அவரே போயிட்டாரு."

போர்மேன் தார்ப்பாய்க்குள் சுவரோரமாகக் கிடந்த டிரைவரின் இடது கையை எடுத்து மார்பில் வைக்கப் போனார். மூடியிருந்த விரல்களைப் பிரித்தபோது அந்த நட்டு உருண்டு விழுந்தது. அதன் ஒரு பக்கம் நசுங்கி, மூலை முழுக்கச் சிவப்புப் பெயின்ட் அப்பியிருந்தது.

போர்மேன் அதை விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தைப் படிக்க முடிந்தது.

"நான் எங்கடா தட்டினேன்? குழாய் துண்டாகிக் கெடக்கிறதை நானும் பார்த்தேன். இவ்வளவு நேரமும் நீதான்னு நெனச்சிட்டிருந்தேன்."